சாப்பாவை எறிவது யார்? மட்டாஞ்சேரி, 1953

பொழுது புலர்வதற்கு முன்பே மட்டாஞ்சேரியின் தொழிலாளர் மூப்பனுக்காகக் கூடி நிற்பர். அன்றைய கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை உலோக வில்லைகள் மூப்பனிடம் இருக்கும். நிற்பவர்களோ அதைப்போலப் பன்மடங்கு. மூப்பன் வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். கீழே விழுந்து, ஒருவரையொருவர் மிதித்து, கடித்து, பிறாண்டி எடுத்தவருக்கு அன்று வேலை. எடுக்காதவர் வெறுங்கையோடு வீடு திரும்புவர். அந்த வில்லையின் பெயர் சாப்பா. கொச்சித் துறைமுகத்தின் தொழிலாளர் வரலாற்றை இந்தச் சிறு தகட்டைச் சுற்றியே எழுதிவிடலாம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். போர்த்துக்கீசிய மொழியில் 'சாப்பா' என்றால் உலோகத் தகடு. இந்துஸ்தானியில் 'சாப்' என்றால் அச்சு, முத்திரை. கொச்சியின் கடைவீதிகளில் இரு மொழிகளும் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியிருப்பதால் மலையாளச் சொல் எந்த வாசல் வழியே நுழைந்தது என்று வழக்காடுவதில் பெரிய பயனில்லை. இரண்டும் ஒன்றில் கலந்திருக்கவும் கூடும். கவனத்திற்குரியது அதன் பிற்கால வாழ்வு. இன்றைய மலையாளத்தில் 'சாப்ப குத்துக' என்றால் ஒருவரைக் கட்சியின் பெயராலோ மதத்தின் பெயராலோ முத்திரை குத்தி ஒதுக்குதல். தொலைக்காட்சி விவாதங்களில் நாள்தோறும் கேட்கும் தொடர் இது. வேலைக்காக மனிதர்களை மோதவிட்ட தகட்டின் பெயரும், அரசியலுக்காக மனிதர்களைப் பிரித்தெறியும் செயலின் பெயரும் ஒன்றாய் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் வரலாற்று மாணவர் கடந்துபோகக் கூடாத தற்செயல்.

மட்டாஞ்சேரியில் இவ்வளவு பேர் வேலைக்குக் காத்து நின்றதற்குத் துறைமுகம் உருவான முறையே காரணம். 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தபோது, காயலின் முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டால் பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலாது. அவை வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்கு தோணிகளில் கரை சேரும். மழைக்காலத்தில் தொழில் முடங்கும். திட்டை வெட்டி ஆழப்படுத்தி, வாரியெடுத்த மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை விரிவாக்கினர். 1928இல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாயிற்று. கப்பல்கள் ஆண்டு முழுவதும் வரத் தொடங்கின. ஆனால் எந்த நாள் எத்தனை கப்பல் வரும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருநாள் ஆயிரம் கைகள் வேண்டும், மறுநாள் நூறு போதும். இந்த ஏற்ற இறக்கத்தின் செலவைக் கப்பல் நிறுவனம் ஏற்கவில்லை, சரக்கேற்றும் ஒப்பந்தக்காரரும் ஏற்கவில்லை. கரையில் காத்திருந்தவரின் வயிறு ஏற்றது. மூப்பன் அந்த ஏற்பாட்டின் முகம் மட்டுமே.

காத்திருந்தவர்கள் ஓரினத்தாரும் அல்லர். மட்டாஞ்சேரியின் சில சதுர கிலோமீட்டருக்குள் கொங்கணி பேசுவோர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தக்கணி பேசும் முஸ்லிம்கள், யூதர், இலத்தீன் கத்தோலிக்கர், ஈழவர், தமிழ் வண்ணார், தமிழ் அந்தணர் எனப் பல சமூகங்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தன. காயல்பட்டினத்தைத் தம் பூர்விகமாகக் கூறும் நைனா குடும்பங்களும் இங்குண்டு. சுற்றுலாப் பிரசுரங்கள் இதைப் பன்மைப் பண்பாட்டின் அருங்காட்சியகமாகக் காட்டுவது வழக்கம். ஆனால் கிட்டங்கியின் உள்ளே கணக்கெழுதியவர் யார், வெளியே மூட்டை சுமந்தவர் யார் என்று கேட்டால் அந்தப் பன்மைக்குள் இருந்த அடுக்கு தெரியும். சுற்றுத் தீவுகளிலிருந்தும் கரையோர ஊர்களிலிருந்தும் வந்த ஏழை முஸ்லிம்களும் கிறித்தவர்களும் தாழ்த்தப்பட்டோருமே சுமைக்கூலிகளில் பெரும்பகுதி. தேவாலயம், பள்ளிவாசல், கோயில் எனப் பிரிந்து வாழ்ந்த இவர்கள் விடியலில் ஒரே மைதானத்தில் கூடினர். கூடிய இடத்திலும் ஒருவருக்கொருவர் போட்டியாளராகவே நிறுத்தப்பட்டனர்.

இது கொச்சிக்கு மட்டும் உரிய கொடுமை என்று கருதுவது பிழை. இலண்டன் துறைமுகத்தில் வாயிற்கதவு திறக்கும் வேளையில் முண்டியடித்த கூட்டத்திலிருந்து ஆட்களைப் பொறுக்கும் முறை இருந்தது. 1889 ஆகஸ்டில் அங்கு வெடித்த வேலைநிறுத்தம் மணிக்கு ஆறு பென்ஸ் கூலியையும், அழைத்தால் குறைந்தது நான்கு மணிநேர வேலையையும் கேட்டது. நியூயார்க்கில் ஆட்கள் அரைவட்டமாக நிற்க, மேஸ்திரி விரல்நீட்டித் தேர்ந்தெடுத்தான். அந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1953 டிசம்பரில், அதாவது மட்டாஞ்சேரியின் அதே ஆண்டில். அடுத்த ஆண்டு வெளியான 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' என்ற அமெரிக்கப் படத்தில் மேஸ்திரி வில்லைகளை எறிவதும் தொழிலாளர் அவற்றுக்காகப் புரள்வதுமான காட்சி உண்டு. அதன் இயக்குநர் எலியா கசான் 1952இல் நாடாளுமன்றக் குழுவின் முன் தம் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைக் கூறியவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். மலையாளத்தின் இரண்டாம் பொருளில் அதுவும் ஒரு சாப்பாதான்.

தமிழர்க்கு இந்த ஏற்பாட்டின் உறவுமுறை நன்கு தெரியும். இலங்கையின் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு காகிதம் இருந்தது. கங்காணியிடம் தொழிலாளி பட்ட கடன் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தொகையைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவர் மாற முடியும். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. துண்டு தொழிலாளியைக் கட்டிவைத்தது, சாப்பா அவரை அலையவிட்டது. செயல் எதிரெதிர், இருந்தும் இரண்டும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் ஓர் இடையாளை நிறுத்தின. தொழிலாளியின் சினம் கண்ணுக்குத் தெரியும் கங்காணியோடும் மூப்பனோடும் நின்றது. அதைவிட அதிகமாக, அருகில் நின்ற சக தொழிலாளியின் மேல் பாய்ந்தது.

கூட்டுணர்வு எவ்வாறு பிறக்கிறது என்ற கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகிறது. ஈ.பி. தாம்சன் 1963இல் வெளியிட்ட ஆங்கிலத் தொழிலாளர் வர்க்க உருவாக்கம் பற்றிய நூல், வர்க்கம் என்பது முன்கூட்டியே கிடக்கும் பொருளன்று, மனிதர் தம் அனுபவத்தின் வழியே உருவாக்கிக்கொள்ளும் உறவு என்று வாதிட்டது. வங்கச் சணல் ஆலைகளை ஆய்ந்த திபேஷ் சக்ரவர்த்தி 1989இல் அதை மறுபரிசீலனை செய்தார். சாதி, மதம், ஊர் என்ற படிநிலை உறவுகளில் ஊறிய தொழிலாளர், சமத்துவத்தை முன்னனுமானமாகக் கொண்ட ஐரோப்பியத் தொழிலாளரைப் போன்றே வர்க்கமாவர் என எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும் என்பது அவர் கேள்வி. மட்டாஞ்சேரியின் தரவு இருவருக்கும் முழுமையாக இணங்காது. அங்கே ஒற்றுமையைக் குலைத்தது சாதி, மதப் பழமை மட்டுமன்று; வேலை பங்கிடும் நவீன ஏற்பாடே ஒவ்வொரு காலையும் புதிதாக ஒரு பிளவை உற்பத்தி செய்தது. உணர்வூட்டும் சொற்பொழிவு எத்துணைச் சிறந்ததாயினும் மறுநாள் விடியலில் வில்லை விழுந்ததும் அது கலைந்துவிடும். ஆகவே சங்கம் அமைப்பதற்கு முதல் தடை மனத்தில் இருந்தது என்பதைவிட மைதானத்தில் இருந்தது என்பதே பொருந்தும்.

சங்கங்களும் தம் பங்குக்குப் பிளவுகளைக் கொண்டுவந்தன. 1920இல் தோன்றிய அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கில் வர, 1947 மே மாதம் காங்கிரஸ் சார்பில் இந்திய தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பிறந்தது; 1948இல் சோசலிஸ்டுகளின் இந்த் மஸ்தூர் சபை. விடுதலை பெற்ற ஈராண்டுக்குள் நாடெங்கும் ஒரே ஆலையின், ஒரே துறைமுகத்தின் தொழிலாளர் கட்சிக்கொரு கொடியின்கீழ் நின்றனர். கொச்சியிலும் சரக்குத் தொழிலாளர் சங்கமும் துறைமுகத் தொழிலாளர் சங்கமும் போட்டியிட்டன. சாப்பாவைப் பகிரும் அதிகாரமே சங்கங்களுக்கு ஆசை காட்டும் பொருளாயிற்று. மூப்பன் எறிந்ததைச் சங்கம் எறிந்தால் என்ன? கூலிக்காரருக்கு எறிபவரின் நிறம் மட்டும்தான் மாறும்.

1953இல் நடந்த போராட்டத்தின் சிறப்பு இந்தக் கேள்வியைத் தாண்டியதில் உள்ளது. யார் எறிவது என்பதிலிருந்து, எதற்காக எறிய வேண்டும் என்பதற்கு அது நகர்ந்தது. கோரிக்கை புதுமையானதும் அன்று. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த அரச ஆணையம் 1931இலேயே துறைமுகத் தொழிலாளரைப் பதிவுசெய்து முறைப்படுத்தப் பரிந்துரைத்திருந்தது. துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இல் நிறைவேறியது. அதன்கீழ் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாரியங்கள் அமைந்துவிட்டன. கொச்சி மட்டும் காத்திருந்தது. சட்டம் இருந்தும் தகடு பறந்தது.

வேலைநிறுத்தம் எழுபத்தைந்து நாள் நீண்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் உலை வைக்கும் குடும்பங்களுக்கு எழுபத்தைந்து நாள் என்பது என்ன என்பதை அரசியல் வரலாறுகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. தலைவர்களின் பெயர்களை எழுதிவிட்டு நகர்ந்துவிடும். சேமிப்பு என்ற ஒன்று இல்லாத இடத்தில் அத்தனை நாளை அடகுப் பொருளாலும் கடைக்காரர் கடனாலும் பக்கத்து வீட்டுக் கஞ்சியாலும்தான் கடக்க முடியும். அந்தக் கணக்கை வைத்திருந்தவர் பெண்கள்.

செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்றணி என்ற மூன்று பெயர்கள் அந்நிகழ்வின் தியாகிகளாக நினைக்கப்படுகின்றன. இருவர் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தனர். ஆன்றணி போலீஸ் பிடியில் பட்ட காயங்களால் மாண்டார். இரு முஸ்லிம்களும் ஒரு கிறித்தவரும். வெவ்வேறு இடுகாடுகளுக்குச் செல்ல வேண்டியவர்கள் ஒரே பட்டியலில் எழுதப்பட்டனர். எழுபது ஆண்டு கழித்தும் அப்பெயர்களைப் பிரித்து உச்சரிக்கும் வழக்கம் தோன்றவில்லை. மட்டாஞ்சேரியில் கூட்டுணர்வு என்ற சொல்லுக்குச் சான்று தேடுபவர் இங்குத் தொடங்கலாம்.

அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை ஆண்டது ஏ.ஜே. ஜானின் காங்கிரஸ் அமைச்சரவை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் ஆதரவையும் கொண்டு அமைந்த அரசு அது. அம்மாதத்திலேயே அரசு கவிழ்ந்தது. ஆனால் காரணம் மட்டாஞ்சேரி அன்று. தென் தாலுகாக்களின் தமிழர் கோரிக்கையை முன்வைத்துத் தமிழ்நாடு காங்கிரஸ் விலகியதே. மொழி எல்லை என்ற வழக்கும் கூலி என்ற வழக்கும் ஒரே சட்டமன்றத்தில் அருகருகே அமர்ந்திருந்தும் ஒன்றையொன்று ஏறிட்டுப் பார்க்கவில்லை.

தொடர்ந்தது இன்னும் கசப்பானது. 1954 தேர்தலுக்குப்பின், வெறும் 19 இடங்களை வைத்திருந்த பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை காங்கிரஸ் ஆதரவுடன் முதல்வரானார். ஆகஸ்ட் 11 அன்று, தாய்த்தமிழகத்தோடு இணையக் கோரிய தமிழர் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பதினோரு மாதத்துக்குள் இரண்டு துப்பாக்கிச் சூடுகள். ஆட்சியில் இருந்த கட்சி வேறு, சுடப்பட்டவரின் மொழி வேறு, கோரிக்கை வேறு. சுட்டது ஒரே மாநிலத்தின் போலீஸ்.

அப்போது அலகாபாத்தின் நைனி சிறையில் இருந்த ராம் மனோகர் லோகியா பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். இந்தியாவில் தம் கட்சி ஆண்ட ஒரே மாநிலத்தின் முதல்வர் பதவி விலக வேண்டுமென்று அவர் சிறையிலிருந்தே கோரினார். விடுதலை பெற்ற நாட்டின் அரசு நிராயுதபாணிகளைச் சுடலாகாது, சுட்டால் ஆட்சியில் நீடிக்கலாகாது என்பது அவர் நிலை. காங்கிரஸ் சுட்டபோது சொன்னதைச் சோசலிஸ்ட் சுட்டபோதும் சொல்ல வேண்டும் என்ற எளிய நேர்மை அது. பட்டம் விலகவில்லை. கட்சித் தலைமையும் லோகியாவின் கருத்தை ஏற்கவில்லை. அவர் பொறுப்பைத் துறந்தார். 1955 முடிவில் அவரைச் சார்ந்தோர் தனிக் கட்சி கண்டனர். கட்சிப் பிளவைக் கடந்து ஒரே அளவுகோலை வைத்தவர், அதன் விளைவாகவே மற்றொரு கட்சிப் பிளவுக்குக் காரணமானார். இதை முரண் என்று எளிதில் சொல்லிவிடலாம். எனினும் தமிழ்நாட்டில் எல்லைப் போராட்டத்தை எழுதும் நூல்கள் மார்த்தாண்டத்தை விரிவாகவும் மட்டாஞ்சேரியை ஒரு வரியிலும் கூறாமல் விடுவதோடு, கேரளத்துத் தொழிலாளர் வரலாறுகள் மறுதலையாகச் செய்வதோடு ஒப்பிட்டால், லோகியாவின் அளவுகோல் இன்றும் பயன்படுத்தப்படாமலே கிடக்கிறது எனத் தோன்றும்.

ஒற்றுமை பற்றிய பேச்சுக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அது இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் விடிவெள்ளி எனப்பட்டது, இன்றும் எனப்படுகிறது. மூன்றாண்டு கழித்து, 1921இல் பின்னி ஆலைகளின் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளரில் பலர் சேரவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கலவரமும் துப்பாக்கிச் சூடும் மாதக்கணக்கில் நீண்டன. நீதிக்கட்சித் தலைவர்களில் பலர் ஆதிதிராவிடரையும் அவர்களுக்கு ஆதரவளித்த அதிகாரிகளையும் குறைகூற, எம்.சி. ராஜா தம் மக்கள் பக்கம் நின்றார்; 1923இல் கட்சியையும் விட்டு வெளியேறினார். 'தொழிலாளர் அனைவரும் ஒன்று' என்ற முழக்கம், சேரியின் தனித்த துயரத்தைக் கேட்காமலே எழுப்பப்பட்டதன் விளைவு அது. அவர்களைக் கருங்காலிகள் என முத்திரை குத்துவது அன்று எளிதாக இருந்தது. பிற்கால வரலாற்று நூல்கள் சிலவற்றிலும் அந்த முத்திரை அழியவில்லை. பிளவைக் கடப்பது என்பதைப் பிளவின் பெயரைச் சொல்லாதிருப்பது என்று பொருள்கொண்டால் புளியந்தோப்புதான் நேரும்.

மட்டாஞ்சேரி அந்த வழியில் முழுமையாகச் செல்லாததற்கு ஒரு காரணம், அங்கு ஒற்றுமை பொதுப் பண்பொன்றின் பேரால் கோரப்படவில்லை. நீயும் நானும் ஒன்று என்று எவரும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. இருவரும் ஒரே தகட்டுக்காகப் புரண்டவர்கள் என்பது போதுமாக இருந்தது. மதம் அவரவர் வீட்டில் அப்படியே இருந்தது. கட்சியும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஒழிய வேண்டியது எது என்பதில் மட்டும் உடன்பாடு.

கொச்சித் துறைமுகத் தொழிலாளர் வாரியம் 1959இல் அமைந்தது. அரசு, வேலையளிப்போர், தொழிலாளர் என முத்தரப்பும் அதில் இடம்பெற்றன. பதிவுபெற்ற தொழிலாளர் குழுக்களாக வகுக்கப்பட்டு முறைவைத்து வேலைக்கு அனுப்பப்பட்டனர். வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு ஒரு தொகை உண்டு. கப்பல் வராததன் செலவு முதன்முறையாகத் தொழிலாளியின் வயிற்றிலிருந்து தொழிலின் கணக்கேட்டுக்கு மாறியது. எறியப்பட்ட தகட்டின் இடத்தில் பெயர்ப்பதிவேடு வந்தது. கட்சிவாரியான சங்கங்கள் மறையவில்லை. ஆனால் எந்தச் சங்கத்தவராயினும் முறை வந்தால் வேலை என்ற நிலையில் அவற்றின் பகைமைக்கு முந்திய கூர் இல்லை.

அதன் பிற்கால வரலாறு அத்தனை ஒளிமிக்கதன்று. பதிவேடு உள்ளிருப்போரைக் காத்தது, வெளியே நின்றோர்க்குப் புதிய மதிலாயிற்று. கேரளத்தின் சுமைத்தொழிலில் சங்கங்கள் பெற்ற வலிமை, வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்கே கூலி கேட்கும் 'நோக்குகூலி' என்ற வழக்கம் வரை சென்றது. கட்சி வேறுபாடின்றி எல்லாச் சங்கத்தாரும் அதில் ஒற்றுமையாகவே இருந்தனர் என்பது வேடிக்கை. இடதுசாரி அரசே 2018 மே தினத்திலிருந்து அதை ஒழித்தது. இதற்கிடையில் பெருந்துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்களைத் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 2011இல் வல்லார்பாடத்தில் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. மூட்டையைத் தோளில் சுமந்த இடத்தில் பளுதூக்கிகள் நிற்கின்றன. அவற்றை இயக்கச் சிலர் போதும்.

கே.எம். சிதம்பரன் 1968இல் சாப்பா முறையைப் பொருளாகக் கொண்டு 'துறமுகம்' நாடகத்தை எழுதினார். அவர் மகன் கோபன் சிதம்பரன் அதைத் திரைக்கதையாக்க, ராஜீவ் ரவி இயக்கத்தில் 2023 மார்ச்சில் படம் வெளிவந்தது. தொழிலாளர் பேரால் எழுந்த ஒரு சங்கமே முதலாளிகளின் கையாளாக மாறுவதை அப்படம் மழுப்பாமல் காட்டுகிறது. மட்டாஞ்சேரியின் கடைவீதியில் இன்று நறுமணப் பொருள் கிட்டங்கிகள் பலவும் ஓவியக் கண்காட்சிக் கூடங்களாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. படகுத்துறைக்குச் செல்லும் இளைஞர் தம் கைப்பேசியில் அன்றைய வேலை வருகிறதா என்று பார்த்தபடி நிற்கின்றனர். உணவுப் பொட்டலத்துக்கான அழைப்பு ஒன்று வரும். அருகில் நிற்கும் நால்வரில் யாருக்குச் செல்லும் என்பதைச் செயலி தீர்மானிக்கும். அவர்கள் எந்தச் சங்கத்திலும் பெரும்பாலும் இல்லை.